விஜி மடித்த கடைசிக் கட்டு

என் செல்ல விஜி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் கை போனது. நீ இருக்கிற இடத்தில் உனக்கு என்ன குறை? முழங்கால் வலி இல்லை, ஷிப்ட் இல்லை, திங்கட்கிழமை மீட்டிங் இல்லை. குறையெல்லாம் எனக்குத்தான், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அஞ்சலி என்றால் போனவரைப் புகழ வேண்டுமாம். உன்னைப் புகழ ஊரே இருக்கிறது. நான் கொஞ்சம் சண்டை போட்டுக்கொள்கிறேன்.

எனக்குப் பொறாமை, விஜி. இதைவிட நாகரிகமான வார்த்தை ஒன்று கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஷர்மினி மேல் பொறாமை. நீ உயிரோடு இருந்தபோதும் இருந்தது. நீ போனதும் அதுவும் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. உரம் போட்ட மாதிரி வளர்ந்து நிற்கிறது.

உன்னை எடுத்த அன்றே ஆரம்பித்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிராப் டாக்சி பிடித்து கிள்ளானுக்கு வந்து இறங்கினேன். வாசலில் கூடாரம், நாற்காலி, கும்பல். எல்லாரையும் விலக்கிக்கொண்டு உள்ளே வந்தால் உன் தலைமாட்டில் ஷர்மினி உட்கார்ந்திருக்கிறாள். உனக்குக் கட்டியிருந்த மயில்கழுத்துப் பட்டு அவள் எடுத்துக் கொடுத்ததாம். எந்தப் புடவை உனக்குப் பிடிக்கும் என்று உன் வீட்டுக்காரர் அவளைத்தான் கேட்டிருக்கிறார். என்னைக் கேட்டிருந்தால் அந்த மாம்பழ நிறத்தைச் சொல்லியிருப்பேன். தீபாவளிக்கு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் நாம் இரண்டு பேரும் அலைந்து வாங்கினோமே, அது.

உன் மகள் பிரவீணா அவள் தோளில் சாய்ந்து "சித்தி, சித்தி" என்று அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க ஆன்டி, உக்காருங்க" என்றாள்.

ஆன்டி. பாசாரில் மீன் விற்கிற அம்மாவையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இத்தனை வருஷம் ஒரே மேசையில் உனக்கு எதிரே நின்றவள் நான். உனக்கு இரண்டு வயது மூத்தவள், நீயே "தனக்கா" என்று கூப்பிட்டவள். முறையென்று பார்த்தால் உன் மகளுக்கு நான் பெரியம்மா. பிள்ளை மேல் தப்பில்லை. வீட்டில் நீ யாரை எப்படிச் சொல்லி வைத்திருந்தாயோ, அப்படித்தானே அதன் வாயில் வரும்?

படிக்கிறவர்களுக்காக நம் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ கொட்டாவி விடாதே. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், வெளிச்சம் எட்டாத இடத்தில் இருப்பது நம் பகுதி. மேலே தியேட்டரில் ஆப்பரேஷன் முடிந்து ரத்தத்தோடு இறங்கி வருகிற கத்தி, கத்தரி, கிளாம்ப் எல்லாம் முதலில் அழுக்குப் பக்கம் போகும். அங்கே பிரஷ் போட்டுத் தேய்த்து மெஷினுக்குள் வைப்பார்கள். அந்த மெஷின் சுவருக்குள் பதித்தது, இரண்டு கதவு உள்ளது. அந்தப் பக்கக் கதவில் அழுக்காகப் போவது, கொதிக்கக் கொதிக்க இந்தப் பக்கக் கதவில் வரும். இந்தப் பக்கம் நாம்.

ஒவ்வொன்றையும் லென்ஸில் பார்த்து, பல்லிடுக்கில் ஏதாவது ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்பி, மிச்சத்தை ட்ரேயில் அடுக்கி, நீல உறையில் இரண்டு சுற்றாக மடித்துக் கட்டி, டேப் ஒட்டி, லேபிளில் நம் பெயரைப் போட்டு ஆட்டோகிளேவுக்குள் தள்ளுவோம். ஆவியில் வெந்து டேப்பின் கோடு கறுத்து வெளியே வந்த பிறகு அந்தக் கட்டை யாரும் திறக்கக் கூடாது. திறக்கிற உரிமை தியேட்டர் நர்ஸுக்கு மட்டும்தான். கட்டுகிறவள் ஒருத்தி, பிரிக்கிறவள் ஒருத்தி. அங்கேயே என் வயிற்றெரிச்சலுக்கு விதை போட்டாகிவிட்டது, ஏனென்றால் ஷர்மினி தியேட்டர் நர்ஸ்.

மடிக்கிறதிலும் ஒரு முறை உண்டு. உறையைச் சாய்த்து விரித்து, ட்ரேயை நடுவில் வைத்து, நம் பக்கத்து முனையை முதலில் போட வேண்டும். பிறகு இடது, அதன் மேல் வலது, கடைசியாக எதிர்முனை. பிரிக்கிறவள் அதே வரிசையில் தலைகீழாகப் பிரிப்பாள். எல்லாரும் அப்படித்தான் மடிக்கிறோம். நீ மட்டும் வலதை முதலில் போட்டு இடதை அதன் மேல் போடுவாய். நம் மேலாளர் காக் ரோஸ் (மலாயில் காக் என்றால் அக்கா) ஒரு தடவை ஏன் என்று கேட்டதற்கு, கை அப்படித்தான் போகிறது காக் என்று சிரித்து மழுப்பினாய். கட்டு இறுக்கமாக, ஒழுங்காக இருந்ததால் அவரும் விட்டுவிட்டார். நான் உன்னைக் கோணக்கைக்காரி என்று கேலி செய்வேன். அதற்கும் சிரிப்பாய்.

இன்னொன்றும் செய்வாய். நெஞ்சைத் திறக்கிற செட், எலும்பு செட் என்று மூன்றாம் தியேட்டருக்குப் போகிற கனமான ட்ரே எல்லாவற்றையும் நீயே இழுத்துக்கொள்வாய். எனக்கு இடுப்பு வலி, அதனால்தான் என்று நினைத்தேன். பார்க்கிற எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன், விஜி மாதிரி வராது, என்னைத் தூக்கவே விடமாட்டாள் என்று.

எனக்கு உன்னோடு கிடைத்தது அந்த மேசை. ஷர்மினிக்குக் கிடைத்தது ரயில். வேலை முடிந்ததும் நான் பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டுக்கு நடந்தே போய்விடுவேன். நீங்கள் இருவரும் சென்ட்ரல் ஸ்டேஷனில் போர்ட் கிள்ளான் ரயிலைப் பிடிப்பீர்கள். கிள்ளானில் நீ இறங்கும் வரை ஒரே பேச்சுதானாம். அவள்தான் சொன்னாள், அதுவும் சந்தோஷமாக. என்னோடு நீ பேசியதெல்லாம் மாஸ்க் போட்ட வாயால். மெஷின் சத்தத்தில் பாதி காதில் விழாது. அவளோடு பேசியது மாஸ்க் இல்லாத முகத்தோடு, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து. இதை நினைத்து நினைத்து எத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்திருக்கிறேன் தெரியுமா? ரயில் பழுதாகி நின்றுவிட்டது என்று செய்தி வந்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். அடுத்த நிமிஷமே, நீயும் அதில்தானே நிற்பாய் என்று வருத்தமும் வரும்.

தைப்பூசத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தாய். பத்துமலையில் பிரவீணாவின் பரீட்சைக்காகப் பால்குடம். போவதற்கு முன் அன்று சாயங்காலம் கடைசியாக நீ கட்டியது நெஞ்சு செட். "வரேன் தனக்கா" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனவள்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். பால்குடத்தைப் பிரவீணா எடுக்கவில்லை. அந்தக் குடம் உங்கள் வீட்டு அலமாரி மேல் கவிழ்த்து வைத்தபடி இருக்கிறது என்று, இதையும் ஷர்மினிதான் சொல்லி எனக்குத் தெரியும்.

நீ போன பிறகு எனக்கு உன்னுடையது என்று ஒன்றும் மிஞ்சவில்லை. வீட்டில் கேட்க எனக்கு உரிமை ஏது, நான்தான் ஆன்டி ஆயிற்றே. அதனால் உன் மடிப்பை எடுத்துக்கொண்டேன். வலது முதலில், இடது மேலே. கைக்கு வர நாளாயிற்று. கனமான செட்டையெல்லாம் நானே கேட்டு வாங்கி, இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு மடித்தேன். காக் ரோஸ் பார்த்தும் விட்டுவிட்டார். துக்கத்தில் இருக்கிறாள், போகட்டும் என்று நினைத்திருப்பார். ஒவ்வொரு தடவையும் இடது பக்கத்தை மேலே இழுக்கும்போது, இது எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கிற விஷயம், ரயில்காரிக்கு இதில் பங்கில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அப்புறம் அந்தக் கட்டு இருந்தது. நீ கடைசியாகக் கட்டிய நெஞ்சு செட். நெஞ்சைப் பிளக்கிற அவசரம் தினமுமா வருகிறது? ஸ்டோரில் மூன்றாவது தட்டில், உன் பெயர் போட்ட லேபிளோடு உட்கார்ந்திருந்தது. உன் கை கடைசியாக மூடியது உலகத்தில் அது ஒன்றுதான். யாரும் கேட்காமலே லேபிளில் உள்ள தேதி முடிந்துவிட்டால் அது நம் பகுதிக்கே திரும்பும், பிரித்து, எல்லாவற்றையும் மறுபடி கழுவிக் கட்ட வேண்டும். அப்படிப் பிரிக்கிறவள் நானாக இருக்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம், அது ஒன்று எனக்கு வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன்.

தேதி முடியவும் அதிக நாள் இல்லை. ஆனால் நம் சட்டம் உனக்குத் தெரியும், முதலில் வந்தது முதலில் போக வேண்டும். அதே மாதிரி இன்னொரு செட்டை நான் கட்டி வைத்திருந்தேன். யாராவது கேட்டால் உன்னுடையதுதான் முதலில் போகும். அதனால் காலையில் வந்ததும் உன் கட்டைப் பின்னுக்கு வைத்து, என்னுடையதை முன்னுக்கு வைப்பேன். மத்தியானம் காக் ரோஸ் ஸ்டோரைச் சரிபார்க்கும்போது உன்னுடையதை முன்னுக்கு எடுப்பார். நான் பின்னுக்கு, அவர் முன்னுக்கு. கடைசியில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, யார் பெயர் போட்ட கட்டு என்று எனக்கும் தெரியும் தனம், ஆனால் நாம் கட்டி வைப்பது வைத்துப் பார்ப்பதற்கு இல்லை என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. அதற்கப்புறம் நான் அதைத் தொடவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், நான் ஸ்டோர் டியூட்டியில் இருந்தபோது போன் வந்தது. ஃபெடரல் ஹைவேயில் மோட்டார் சைக்கிள் விபத்து, மூன்றாம் தியேட்டர், நெஞ்சு செட் உடனே வேண்டும். தட்டில் முன்னால் இருந்தது உன்னுடையது. என்னுடையது பின்னால். யாரும் பார்க்கவில்லை விஜி. பின்னால் இருந்ததை எடுத்துக் கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, நோயாளிக்கும் ஒரு குறையும் வந்திருக்காது. இரண்டும் ஒரே கருவிகள்தானே?

கை உன்னுடையதை எடுத்தது. ஏன் என்று இன்னும் தெரியவில்லை. உறை கிழிந்திருக்கிறதா, ஈரமா, கோடு கறுத்திருக்கிறதா என்று நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். ஏதாவது ஒரு குறை இருக்காதா, நிறுத்திக்கொள்ளலாமே என்றும் பார்த்தேன். நீ கட்டியதில் குறை எங்கே இருக்கும்? லிப்டில் வைத்துக் கதவைச் சாத்திய பிறகுதான் மேலே யார் டியூட்டி என்று ஞாபகம் வந்தது. ஷர்மினி.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். புடவையை எடுத்துக் கொடுத்தாள், பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள், ரயிலில் இத்தனை வருஷம் வைத்துக்கொண்டாள், கடைசியில் இதையும் அவள் கைதான் பிரிக்கப் போகிறது. அடிபட்டவன் பிழைக்க வேண்டும் என்று நான் அந்த நேரத்தில் வேண்டிக்கொள்ளவில்லை. மனதைத் திறந்து எழுதுகிறேன் என்றால் இதையும் எழுதத்தானே வேண்டும்.

மறுநாள் கேன்டீனில் அவளே தேடிக்கொண்டு வந்தாள். நாசி லெமாக் சோறு விற்கிற அக்கா மாறிவிட்டார், உனக்குச் சொல்லவில்லையே. புது அக்கா சம்பலில் சர்க்கரை போடுகிறார், உனக்குப் பிடிக்காது. எனக்கு எதிரே உட்கார்ந்து, அடிபட்ட ஆள் பிழைத்துவிட்டதாகவும் வார்டுக்கு மாற்றப் போவதாகவும் சொன்னாள். நம்மிடம் இதெல்லாம் யார் வந்து சொல்கிறார்கள்? அதற்காகவாவது அவளிடம் முகம் கொடுத்துப் பேசலாம் என்று மைலோ கோப்பையை நகர்த்தி வைத்தேன்.

"விஜிக்கா கட்டுன செட்டுக்கா அது. லேபிள்ல பேர பாத்ததுமே தெரிஞ்சிருச்சு" என்றாள். "டாக்டர் கைய நீட்டிட்டாரு, நேரமே இல்ல. இழுத்தேன், எங்கைக்கு நேரா தொறந்துச்சு."

"ஒன் கைக்கு நேரான்னா என்ன?" என்று அவளைக் கேட்டேன். அவள் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். விஜி, அவள் இடது கைக்காரி. இத்தனை வருஷம் அவளை முறைத்துப் பார்த்திருக்கிறேன், எந்தக் கையால் சாப்பிடுகிறாள், எந்தக் கையால் எழுதுகிறாள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

மிச்சத்தை அவளே சொன்னாள். எல்லாரும் மடிக்கிறபடி மடித்தால் வலது பக்கம்தான் மேலே இருக்கும். அவசரத்தில் அவளுக்கு இடது கைதான் முந்தும், அது ட்ரேயைத் தாண்டிக் குறுக்கே போகும். சுத்தமான கருவிக்கு மேலே கை குறுக்கே போகக் கூடாது. ஒரு தடவை அப்படிப் போய், டாக்டர் எல்லார் முன்னாலும் கத்தி, முழு செட்டையும் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று ரயிலில் உன்னிடம் அழுதாளாம்.

"நான் ஒண்ணும் கேக்கலக்கா. ரெண்டு நாள் கழிச்சு ஒரு கட்ட பிரிச்சேன், அந்தப் பக்கமா தொறந்துச்சு. அதுலேர்ந்து எங்க தியேட்டருக்கு வர்றது எல்லாமே அப்படித்தான்."

கோணக்கை இல்லை. கனமான செட்டை நீ எடுத்துக்கொண்டது என் இடுப்புக்காக இல்லை, மூன்றாம் தியேட்டருக்காக. நீ இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அவளிடமே கேட்டேன், வேறு யாரிடம் கேட்க?

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நானும் கேட்டேன்கா. சொன்னா தனக்கா மூஞ்ச தூக்கி வச்சிக்கும், ஒரு வாரத்துக்கு எங்கூட மைலோ குடிக்காதுனு சொல்லிட்டு சிரிச்சாங்க."

தெரிந்தே இருந்திருக்கிறாய். என் பொறாமை உனக்குத் தெரியும், அதற்கு ஏற்றபடி என்னைச் சமாளித்து வந்திருக்கிறாய், கேலிக்குச் சிரித்து வந்திருக்கிறாய். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விஜிக்கா போன பின்னாடியும் கட்டு அப்படியே வருது. லேபிள்ல ஒங்க பேரு. எனக்காக இத்தன மாசமா மடிக்கிறீங்க, ஒரு தேங்க்ஸ் கூட சொல்லலக்கா நானு."

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. உனக்காக, உனக்காக மட்டும் என்று நினைத்து, இடுப்பு ஒடிய நான் மடித்ததெல்லாம் அவள் கைக்கு வசதியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவள் கண்ணெல்லாம் தண்ணீர். "பரவால்லலா" என்றேன். நீ மேலே இருந்து வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய்.

அன்று மத்தியானமே பழையபடி மடித்தேன். இடது முதலில், வலது மேலே. பாடத்தில் உள்ளபடி. யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டு மூன்று நாள் அப்படியே போனது. ஷர்மினி கீழே வரவே இல்லை. என்ன நினைத்திருப்பாள்? சொன்னதால்தான் நின்றுவிட்டது என்று தெரிந்திருக்கும். இப்போது அவள் முறை போல, ரயிலில் தனியாக உட்கார்ந்து யோசிக்க.

அதற்குள் அந்த நெஞ்சு செட் மறுபடி என் மேசைக்கு வந்தது. வேறு ஷிப்டில் யாரோ கட்டி, வேறு ஏதோ கேஸுக்குப் போய், அழுக்குப் பக்கம் இறங்கி, மெஷினின் கதவு வழியாக ஆவி பறக்க வந்து நின்றது. நீ கட்டிய உறை விபத்தன்றே குப்பைக்குப் போய்விட்டது. உன் பெயர் இருந்த லேபிளை அந்த மோட்டார்காரரின் ஃபைலில் ஒட்டியிருப்பார்கள், அதுதான் வழக்கம். முகம் தெரியாத அந்த மனிதர் மேலும் எனக்குக் கொஞ்சம் பொறாமை. எனக்கு மிஞ்சியது நீ தொட்டுத் தொட்டு அடுக்கிய இந்த இரும்புதான். அதையும் கழுவிக் கழுவி, உன் கைச்சூடு ஒரு துளி இல்லாமல் எனக்கே அனுப்பி வைத்திருக்கிறார்கள். நம் வேலையே அதுதானே.

ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்து அடுக்கினேன். உறையை விரித்தேன். என் பக்கத்து முனையைப் போட்டேன். அடுத்தது எந்தப் பக்கம் என்று கொஞ்ச நேரம் நின்றேன். எதிரே உன் இடத்தில் நிற்கிற புதுப் பெண், என்னக்கா, ஏதும் குறையுதா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

வலதை முதலில் போட்டேன். இடதை மேலே இழுத்தேன். சுருக்கமில்லாமல், நீ இழுக்கிற மாதிரியே. என் இடுப்புக்காகவும் இருந்திருக்கலாம் இல்லையா, விஜி? ஒரே வேலையில் இரண்டு பேருக்கு நல்லது செய்ய உனக்குத் தெரியாதா என்ன? நீ சொல்லாமல் போய்விட்டாய், எனக்குப் பிடித்ததை நான் நினைத்துக்கொள்கிறேன்.

உன் முதல் வருஷத் திதி வருகிறது. ரயிலிலேயே போகலாம் அக்கா என்று ஷர்மினி ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறாள். சரி என்று சொல்லி அனுப்பினேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், ஜன்னலோரம் நான்தான் உட்காருவேன், அவளுக்கு விட்டுத்தர மாட்டேன். மாம்பழ நிறப் புடவை வீட்டில் இருக்கிறதா என்று பிரவீணாவிடம் கேட்பேன். வருகிற தைப்பூசத்துக்கு அந்தக் குடத்தைக் கீழே இறக்கினால், பத்துமலைப் படியில் அவளுக்கு ஒரு பக்கம் நான் ஏறுவேன். மறு பக்கம் சித்தி ஏறட்டும், இடது பக்கமாகப் பார்த்து.

உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன். இந்த இடுப்பு நிமிர்ந்து நிற்கிற காலம் வரை மூன்றாம் தியேட்டருக்குப் போகிற கட்டு அந்தப் பக்கமாகத்தான் திறக்கும். பொறாமையை விடுகிறேன் என்று சத்தியம் செய்யமாட்டேன், அது என்னால் ஆகாது. அவள் இழுக்கும்போது தனக்காகத்தான் என்று நினைத்துக்கொள்ளட்டும், நான் மறுக்கப் போவதில்லை. மடித்தது யார் என்று லேபிளில் இருக்கும். யாருக்காக என்று போட அதில் இடம் இல்லை, அது நமக்குள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பிரவீணா இன்னும் ஆன்டி என்றே கூப்பிடுகிற அவளுடைய பெரியம்மா,
தனம்